வயலில் இல்லாத நிறம்

போன வாரம் கவிதா போனில் பேசினாள். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த வெப்சைட் அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

"அக்கா, இப்ப கடை பேரையும் தொழிலையும் அடிச்சாப் போதும், கம்ப்யூட்டரே நாலஞ்சு நிறம் எடுத்துக் குடுத்துடுது. நீங்க ஒரு சைட்டுக்கு வாரக்கணக்கா நிறம் பார்ப்பீங்கன்னு சொல்றாங்க. அப்படி என்னதான் பார்த்தீங்க?"

"பார்ப்போம்மா" என்றேன். அதற்கு மேல் வாயில் வரவில்லை. போனை வைத்து, அடுப்பை அணைத்தேனா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆகவே எழுதுகிறேன். கவிதாவோடு வேலை பார்க்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கீழவாசல் பக்கம் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். முதலில் கல்யாணப் பத்திரிகை மடிக்கிற வேலை, பிறகு மை கலக்கும் இடத்தில் கூடமாட உதவி, கம்ப்யூட்டர் வந்ததும் அதில் பத்திரிகை வடிவமைக்கும் வேலை. அங்கே கற்றதை விரித்தால் இது அச்சகத்தின் கதையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அச்சில் தப்பு வந்தால் வந்ததுதான், அத்தனை பத்திரிகையிலும் அதே தப்பு இருக்கும். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டுவிட்டோமே, மனுஷர் உயிரோடு இருந்துவிட்டால் என்ன செய்வது என்று படுத்த பிறகு யோசனை வரும். வெப்சைட் வேலைக்கு மாறியபோது, இனிமேல் உனக்குக் கவலை இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது நேர்மாறாகப் போயிற்று. பத்திரிகை கையைவிட்டுப் போனால் பயமும் ஒருநாள் போய்விடும். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால், பயப்படுவதை எப்போது நிறுத்துவது?

அலுவலகத்தை நடத்தியவர் எஸ்தர் மேடம். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற இரண்டும் அவர் வாயிலிருந்து வராது. நாம் செய்த பக்கத்தைப் போனில் காட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். பஸ் கிடைத்ததா, மதியம் என்ன குழம்பு என்று வேறு பேச்சு கொஞ்ச நேரம் நடக்கும். பிறகு சொல்வார்: "ஒரு சிவப்புப் பட்டை ஞாபகம் இருக்கு. அவங்க என்ன விக்கிறாங்கன்னு ஞாபகம் இல்லை." அவ்வளவுதான். நாம் போனை எடுத்துக்கொண்டு நம் இடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்க முடியாது.

நிறம் போடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் நிறமே கூடாது. முழுப் பக்கத்தையும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் இவற்றிலேயே செய்ய வேண்டும். எது தலைப்பு, எங்கே விரலை வைப்பது என்பதெல்லாம் சாம்பலிலேயே விளங்க வேண்டும். "சாம்பல்ல புரியாதது கலர்லயும் புரியாது" என்பார். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது, அவர்களும் சாமான் வாங்குகிறவர்கள்தான் என்பது இன்னொரு காரணம். அது சரியான பிறகு நிறம். அதுவும் அதிகம் கிடையாது. பின்னணிக்கு ஒன்று, கடையின் அடையாளத்துக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று. 'வாங்க', 'பதிவு செய்ய', 'பேச' என்று வாடிக்கையாளர் எதை அழுத்த வேண்டுமோ அதற்கென்று ஒதுக்கிய நிறம், அந்தப் பக்கத்தில் வேறெங்கும் ஒரு பொட்டு அளவுகூட வரக் கூடாது. வந்தால் கண் இரண்டு பக்கமும் ஓடும், விரல் ஓரிடமும் போகாது.

அடுத்தது வெயில் பார்வை. மேடத்தின் இழுப்பறையில் கீறல் விழுந்த பழைய போன் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஏ.சி. அறையில் மெல்லிசாக, பட்டுப்போல இருந்த நிறங்கள் அங்கே காணாமல் போயிருக்கும். வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து என்றால் பக்கம் வெறுமையாகவே தெரியும். நம் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் பஸ் ஸ்டாண்டிலும் களத்திலும் நின்றுதான் பார்க்கிறார், நம் அறையில் வந்து உட்கார்ந்து இல்லை.

கடைசியாகக் கொடிப் பார்வை. இது நம் ஊருக்கென்றே உள்ளது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வருகிறது, மேலே எது கீழே எது என்று பார்த்து, அது எந்தக் கட்சியின் கொடியாகவும் ஆகிவிடாமல் காப்பது. திருவாரூரிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். அவர் கேட்ட இரண்டு நிறங்களையும் கேட்ட வரிசையில் போட்டால் பக்கம் அப்படியே பொதுக்கூட்ட மேடையாகிவிடும்.

"அண்ணே, மண்டபத்தை யார் யாருக்கு விடுறீங்க?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாருக்கும்தாங்க. கல்யாணத்துல ஏது கட்சி?"

"அப்ப இந்த ரெண்டு நிறமும் ஒண்ணா வேணாமே."

"எனக்கு ராசியான நிறம்ங்க அது."

"ராசி உங்களுக்கு. மண்டபம் தேடுறவரு எதிர்க்கட்சி மாவட்டச் செயலாளரா இருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க சம்பந்தியே அந்தப் பக்கம்தான்" என்றார். கடைசியில் சந்தன நிறமும் பழுப்பும் முடிவாயிற்று. போகும்போது என்னிடம் மட்டும், "உங்க மேடம் எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த மூன்று பார்வையும் முடிந்து சைட்டைத் திறந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். எங்களில் ஒருவர் போய், அதைப் பயன்படுத்துகிற இடத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை இதுதான். பக்கத்தில் ஒருவர் தப்பான இடத்தை அழுத்துவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது, பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

சகாயராஜின் சைட்டுக்கு அப்படிப் போனதைத்தான் கவிதாவுக்குச் சொல்ல நினைத்தேன்.

சகாயராஜுக்குக் கொரடாச்சேரிப் பக்கம் ஒரு கிராமம். குவைத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, நெல் அறுக்கிற மிஷின்கள் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஈர வயலிலும் இறங்குகிற பெல்ட் வண்டிகள். அறுவடைக் காலத்தில் எந்த ஊருக்கு எந்த வண்டி போவது என்பதெல்லாம் புரோக்கர்கள் கையில் இருந்தது. அதை நேராகத் தன் கைக்குக் கொண்டுவர ஒரு சைட் வேண்டும் என்று வந்தார். விவசாயி தன் வயலைப் போனில் பதிய வேண்டும். பதிந்ததும் அவர் ஊர்ப் பெயருக்குக் கீழே அந்த வயல் ஒரு சின்னக் கட்டமாகத் தோன்றும். பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கட்டத்தின் நிறம் காட்டும். பயிர் முற்ற முற்ற விவசாயியே கட்டத்தைத் தொட்டு நிறத்தை மாற்றலாம். மிஷின் டிரைவர்கள் தங்கள் போனில் அதைப் பார்த்து வண்டியை விடுவார்கள். இவ்வளவுதான் சைட்.

"சிக்னல் மாதிரி வச்சுடுங்கக்கா" என்றார் சகாயராஜ். "பச்சைன்னா வண்டி போகலாம். மஞ்சள்னா நில்லு, இன்னும் முத்தலை. சிவப்புன்னா அறுத்து முடிச்சாச்சு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

பாலைவனத்துச் சாலைகளில் சிக்னலைப் பார்த்தே வாழ்ந்தவர். எங்களுக்கும் சரியென்றே பட்டது. சாம்பலில் பார்த்தோம், பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று நெருங்கித் தெரிந்ததால் மஞ்சளை வெளுத்துப் பச்சையை அடர்த்தியாக்கினோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்ன எழுத்தில் நிலையையும் எழுதினோம். வெயிலில் பார்த்தோம், கொடிக்கும் பார்த்தோம். சிவப்பு மட்டும் கொஞ்சம் ரத்தம்போல இருக்கிறதே, பார்ப்பவர்களுக்கு அபசகுனமாகப் படுமோ என்று நான் கிடந்து தவித்து, அதைச் செங்கல் நிறமாக்கினேன். கவலைப்படுவதில் நான் குறை வைப்பதில்லை. அது சரியான இடமாகப் பார்த்து உட்காருமா என்பதுதான் சந்தேகம்.

குறுவை அறுவடை தொடங்கியதும் சகாயராஜின் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். புரட்டாசி கடைசி. வானம் ஒரு மாதிரி மூடியும் திறந்தும் இருந்தது. மழை வரப்போகிறது என்று டி.வி.யில் சொல்லியிருந்தார்கள். சகாயராஜின் அக்கா லூர்து, போன்களை வைத்துக்கொண்டு மேஜையில் இருந்தார். விவசாயிகளோடு பேசுவதெல்லாம் அவர்தான். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

முதல் போன் பெருமாளிடமிருந்து வந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற டிரைவர். லூர்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னண்ணே, இங்க கதிர் இப்பதான் பாலு பிடிச்சுக்கிட்டு நிக்குது. எதை அறுக்கிறது?"

"அந்த ஊருக்கு யாருய்யா உன்னைப் போகச் சொன்னது?" என்றார் சகாயராஜ்.

"போன்ல மஞ்சளா இருந்துச்சே."

"பச்சைதான் ரெடின்னு நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா."

"சொன்னீங்கண்ணே. நான் இல்லைங்கலை. ஆனா பார்த்தா மஞ்சள்தான் அறுக்கிற மாதிரி இருக்கு. பச்சையா இருக்கிறதுல போய் எவன் மிஷினை விடுவான்?"

சகாயராஜ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கக் கூடாதவள். வெளியே பார்த்தேன். ஷெட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டி ஒரு வயல் பச்சையாக நின்றது. அதற்கு அடுத்தது நல்ல மஞ்சள், தலை சாய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களும், போனே இல்லாதவர்களும் தினமும் படிக்கிற நிறம் அது. அதற்கு நேர் எதிராக நாங்கள் எழுதி வைத்திருந்தோம். கட்டத்துக்குள் எழுதியிருந்த எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை. நிறத்தைப் பார்த்த பிறகு எழுத்தை எதற்குப் படிக்க வேண்டும்?

அடுத்தடுத்து வந்த போன்களில் சங்கதி இன்னும் சிக்கலாயிற்று. ஒரு விவசாயி சொன்னார்: "என் வயலு பழுத்துப் போச்சும்மா. அதான் பொட்டியையும் மஞ்சளாக்கிட்டேன். வண்டியைக் காணோமே?" இன்னொருவர் சிக்னல் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டு, முற்றாத வயலுக்கு மஞ்சளை அப்படியே விட்டிருந்தார். இருவர் கட்டமும் ஒரே மஞ்சள். எது பழுத்தது, எது பால் பிடிப்பது என்று சைட்டைப் பார்த்து இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

"அக்கா, இதை மூடிடுங்க" என்றார் சகாயராஜ். "புரோக்கர் கையில கால்ல விழுந்து கும்பிட்டாவது வண்டியை ஓட்டிக்கிறேன். ஒரு ஊர்ல ஒரு தடவை வண்டி ஏமாத்திடுச்சுன்னா அடுத்த போகம் கூப்பிட மாட்டாங்க."

லூர்து வேறொன்று சொன்னார். "செல்வமணி வயலு என்ன நிலைமைன்னு பாருடா முதல்ல."

செல்வமணி, பக்கத்து ஊரில் குத்தகை நிலத்தில் தனியாகப் பயிர் வைக்கிற பெண். இவர்களுடைய அப்பா காலத்திலிருந்து பழக்கம். போன குறுவை மழையில் படுத்து, குத்தகை நெல்லை முழுதாக அளக்க முடியவில்லை. இந்தத் தடவையும் படுத்தால் நிலத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அவருடைய கட்டமும் மஞ்சளாகத்தான் இருந்தது. எந்த மஞ்சள் என்று தெரியவில்லை.

நான் எழுந்து வெளியே போய் மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். என்ன செய்வதென்று நானே ஒன்று யோசித்து வைத்திருந்தேன். பச்சையை மஞ்சளாகவும் மஞ்சளைப் பச்சையாகவும் ஒரே அடியாக மாற்றிவிட்டால்?

"மாத்தினா, காலைல சரியாப் புரிஞ்சுக்கிட்டவங்க கதி?" என்றார் மேடம்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"ரெண்டு நிறத்தையும் எடுத்துடலாம். நீங்க வெளியதான நிக்கிறீங்க? வயல்ல இல்லாத நிறமா ஒண்ணு சொல்லுங்க."

சுற்றிலும் பார்த்தேன். பச்சை, மஞ்சள், வைக்கோல், சேறு, வாய்க்கால் தண்ணீரின் பழுப்பு. கொக்கு வெள்ளை.

"நீலம் இல்லைங்க மேடம்" என்றேன். உடனே எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஆனா தார்ப்பாய் நீலமா இருக்குமே, மழைக்கு நெல்லை மூடுறது."

"அது அறுத்த பிறகுதான வரும்?"

"ஆமாங்க."

"அப்ப நீலம். முத்தினது தெரிஞ்சா நீலம், தெரியாட்டி வெள்ளை. அவங்க தொட்டு மாத்துறதை இப்போதைக்கு நிறுத்திடச் சொல்றேன். நீங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் நீலமாக்கணும். கேட்காம ஒண்ணுகூட வேணாம்."

அலுவலகத்திலிருந்து மாற்றி அனுப்பினார்கள். சகாயராஜின் போனில் அறுத்து முடித்தவற்றைத் தவிர எல்லாக் கட்டமும் ஒரே நொடியில் வெள்ளையாயிற்று.

"அக்கா, எல்லாம் போச்சே" என்றார்.

"போகலை தம்பி. வெளுத்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

லூர்து ஒரு போனில், நான் ஒரு போனில் கூப்பிட ஆரம்பித்தோம். எப்படிக் கேட்பது என்பதே முதலில் தெரியவில்லை. "உங்க வயல் என்ன நிறத்துல இருக்குங்க?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். "நெல்லு நிறத்துலதான் இருக்கு, வேற எப்படி இருக்கும்?" என்றார். லூர்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நிறத்தை விடுங்க. தலை சாஞ்சுடுச்சான்னு கேளுங்க" என்றார். அப்படிக் கேட்டதும் எல்லோரும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "நீ யாரும்மா, கொள்முதல் நிலையமா? ஈரப்பதம் பார்க்கவா?" என்று சண்டைக்கு வந்தார். ஒவ்வொன்றாக நீலம் விழுந்தது. வெள்ளைக்கு நடுவே அது தூக்கலாகத் தெரிந்தது. பெருமாளும் மற்ற டிரைவர்களும் நீலத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்கள். நீலம் என்றால் என்ன என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அறுத்து முடித்த செங்கல் நிறக் கட்டங்களைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு நிறமே இல்லை, போகவேண்டிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செல்வமணி போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பெருமாள் ஒரு வயலை முடித்துவிட்டு, அடுத்தது எது என்று போன் செய்தார். செல்வமணியின் ஊர் அவருக்குப் பக்கம். இன்னொரு நீலக் கட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தூரம்.

"செல்வமணி அக்காவுதை நீலமாக்கிடுங்க" என்றார் சகாயராஜ். "எப்படியும் முத்தியிருக்கும். மழை வருது."

"முத்தலைன்னா?"

"முத்தியிருக்கும்க்கா."

"முத்தலைன்னா வண்டி அங்க போய் நின்னுட்டுத் திரும்பணும் தம்பி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரு முத்திடுச்சுன்னு வாயாலயே சொல்லியிருக்காரு."

என் விரல் கட்டத்தின்மேல்தான் இருந்தது. ஒரு தொடுதல் போதும். மேடம் சொன்னது காதில் இருந்தது, இருட்டிக்கொண்டு வருவதும் கண்ணில் இருந்தது. எதைச் செய்தாலும் யாரோ ஒருவருடைய நெல்.

"வண்டியை அஞ்சு நிமிஷம் அங்கயே நிறுத்தச் சொல்லுங்க" என்றார் லூர்து. "ஸ்கூட்டி நிக்குது. வாங்க, போய்ப் பார்த்துடுவோம்."

எனக்கு ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவும் பயம். உட்கார்ந்தேன்.

செல்வமணி வயல் ஓரத்தில், வடிகாலுக்குள் இறங்கி நின்று மண்ணை வெட்டி எறிந்துகொண்டிருந்தார். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓட வழி செய்கிறார். அவருக்குப் பின்னால் நெல் முழுதும் பழுத்துச் சாய்ந்திருந்தது.

"யாரு, லூர்தா? என்னடி, வண்டியைக் கேட்டா ஆளைக் கூட்டியாந்திருக்க?"

"போனை எடுக்கக் கூடாதாக்கா?"

"போன் வீட்டுல சார்ஜில கிடக்கு. வடிகால் வெட்டுவேனா, போனைப் பார்ப்பேனா?"

நான் அங்கேயே வரப்பில் நின்று கட்டத்தைத் தொட்டேன். நீலமாயிற்று. அந்த மங்கல் வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது. சற்று நேரத்தில் மதகுப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டது. பெருமாள் வந்து இறங்கி, வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

மேட்டுப் பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தார். செல்வமணி வரப்பில் ஏறி நின்றார், கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது.

"நீங்கதான் பொட்டிக்கு நிறம் போடுறவங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"நேத்து பக்கத்து வீட்டுப் பொண்ணு பதிஞ்சப்ப பச்சையில போட்டுச்சு. எனக்கு மனசே ஒப்பலை. பழுத்துக் கிடக்கிறதைப் பச்சைன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணை விட்டே மஞ்சளாக்கினேன்."

முதல் நாளே பச்சை. எங்கள் கணக்குப்படி அது தயாரான வயல். அவர் மாற்றாமல் விட்டிருந்தாலும், பச்சையைப் பார்த்துப் பெருமாள் தாண்டித்தான் போயிருப்பார்.

பள்ளமாக இருந்த கடைசி மூலைக்கு வண்டி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறலாகத் தொடங்கவில்லை, எடுத்ததுமே கொட்டியது. நனைந்த கதிர் மிஷினில் பிரியாது என்று பெருமாள் வண்டியைக் கரையேற்றிவிட்டார். அறுத்த நெல்லை மூடத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஓடினோம். மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்த மூலை படுத்திருந்தது.

மழைக்குள் நின்றுகொண்டு செல்வமணி சொன்னார்: "நீலம் நல்லாத்தான் இருக்கு. நேத்தே போட்டிருந்தா அந்த மூலையும் வந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு படுத்தது என்று மட்டும் கேட்டார். ஒரு மூலை என்றேன். பிறகு எங்கள் வேலை முறையில் ஒன்றை மாற்றினார். பயன்படுத்துகிறவர்களோடு போய் உட்கார்வது அதுவரை கடைசி வேலையாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த சைட்டுக்கும் அதுவே முதல் வேலை ஆயிற்று. சாம்பல் பக்கம்கூட அதற்கு அப்புறம்தான். கவிதா கேட்ட வாரக்கணக்கு இதில்தான் போயிற்று. நிறம் எடுக்க அவ்வளவு நாள் ஆகாது.

சம்பா அறுவடை வந்தது. தை மாதம், மழை இல்லை, காலையில் பனி மட்டும். சகாயராஜ் புரோக்கர்களிடம் போகவில்லை. நானும் லூர்தும் ஷெட்டில் போன்களோடு உட்கார்ந்திருந்தோம். செல்வமணி போன் செய்தார். அதே நிலம், குத்தகை அவரிடமே இருந்தது.

"என் பொட்டி இப்ப என்ன நிறம்?" என்று கேட்டார்.

"நீலம்தாங்க. நேத்து நீங்க சொன்னதும் போட்டுட்டோம்."

"வயலை வந்து பார்த்தீங்களா?"

"இல்லீங்க. முத்திடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னேன். பள்ளத்து மூலை இன்னும் கொஞ்சம் பின்தங்கி நிக்குது, அதை நீங்க கேட்கலையே. வந்து பார்த்துட்டுப் போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கட்டத்தை வெள்ளையாக்கினேன். லூர்து ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்.